பைங்குடிலில் காரம் குறைந்த மிளகாய் வளர்ப்பு

காரம் குறைந்த மிளகாய் வகைகளை வீட்டுத் தோட்டத்துப் பைங்குடிலில் விதையிலிருந்து வளர்த்தெடுப்பது குளிர் நாடுகளில் பரவலாகக் காணப்படும் தோட்டக்கலைப் பொழுதுபோக்கு ஆகும். மிளகாய் அமெரிக்கக் கண்டங்களின் வெப்பப் பகுதிகளைத் தாயகமாகக் கொண்டது, உறைபனியைத் தாங்காது. எனவே கோடை குறுகிய நாடுகளில் குளிர்காலத்தின் இறுதியிலேயே வீட்டினுள் விதைத்து, வெப்பம் கூடியபின் நாற்றுகளைப் பைங்குடிலுக்கு மாற்றுகின்றனர். இக்கட்டுரையில் தரப்படும் மாதங்கள் ஐக்கிய இராச்சியத்தின் தட்பவெப்பத்திற்கு உரியவை.

காரமும் வகைகளும்

மிளகாயின் காரத்திற்குக் காப்சைசினும் அதனை ஒத்த சேர்மங்களும் காரணமாகும். இவை விதையில் உருவாவதில்லை. விதைகள் ஒட்டியிருக்கும் வெண்ணிறச் சூலொட்டுத் திசுவில் உருவாகின்றன. அத்திசுவைத் தொட்டுக்கொண்டிருப்பதாலேயே விதையும் காரமாகத் தோன்றுகிறது. காரத்தை அளக்கும் முறையை 1912 இல் அமெரிக்க மருந்தியலாளர் வில்பர் இசுக்கோவில் வகுத்தார். அவர் பெயரால் வழங்கும் அலகில் குடைமிளகாயின் காரம் 0, அனகைம் வகை ஏறத்தாழ 500 முதல் 2,500 வரை, பொப்லானோ 1,000 முதல் 2,000 வரை, அலப்பேனோ 2,500 முதல் 8,000 வரை ஆகும். ஒப்பீட்டிற்கு, அபனேரோ மிளகாய் 100,000 அலகைத் தாண்டும்.

அனகைம் வகையின் முன்னோர் அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்தைச் சேர்ந்தவை. அங்கு தோட்டக்கலை அறிஞர் பாபியான் கார்சியா பல ஆண்டுகள் தெரிவு செய்து, காரம் குறைந்த, சீரான வடிவமுடைய 'நியூ மெக்சிக்கோ எண் 9' என்ற வகையை 1921 இல் வெளியிட்டார். எசுப்பானியாவின் கலீசியாப் பகுதியைச் சேர்ந்த பத்ரோன் மிளகாய் மற்றொரு புகழ்பெற்ற வகை. பச்சையாகச் சிறு பருவத்தில் பறித்து எண்ணெயில் வதக்கி உண்ணப்படும் இதில் பெரும்பாலான காய்கள் காரமற்றவை. இடையிடையே ஒன்று கடுமையாக உறைக்கும். தமிழ்நாட்டில் பஜ்ஜி மிளகாய் என்றும் இலங்கையில் கறிமிளகாய் என்றும் வழங்கும் பெரிய காய்களும் காரம் குறைந்தவையே.

விதைப்பு

பெப்ரவரி நடுப்பகுதி முதல் மார்ச் வரை விதைக்கலாம். முளைப்பதற்குக் காற்றின் வெப்பத்தைவிட மண்ணின் வெப்பமே முதன்மையானது. 25 முதல் 28 பாகை செல்சியசு வரை இருந்தால் ஒன்று முதல் இரண்டு வாரங்களில் முளை வெளிவரும். 15 பாகையில் பல வாரங்கள் ஆகலாம், அதற்குள் விதை அழுகிவிடுவதும் உண்டு. ஆகையால் அடியில் மின் வெப்பமூட்டி பொருத்திய முளைப்புத் தட்டைப் பயன்படுத்துவது நல்லது. மெல்லிய விதைப்புக் கலவையில் அரை சென்டிமீட்டர் ஆழத்தில் இட்டு, ஈரமாக, ஆனால் சொதசொதப்பின்றி வைக்கவேண்டும். ஈரம் மிகுந்து காற்றோட்டம் குறைந்தால் நாற்றழுகல் நோய் தோன்றி, நாற்றுகள் தண்டின் அடியில் மெலிந்து ஓரிரு நாள்களில் சாய்ந்துவிடும்.

முளைத்தவுடன் நாற்றுகளுக்கு ஒளி தேவை. பெப்ரவரி மாதத்துச் சன்னல் ஒளி போதாமல் நாற்றுகள் நெட்டையாக வளர்வதே புதியவர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் சிக்கல். செயற்கை ஒளி இல்லாதவர்கள் மார்ச்சில் விதைப்பது மேல். தாமதமாகத் தொடங்கிய உறுதியான நாற்று, முன்கூட்டியே தொடங்கிய நலிந்த நாற்றைப் பெரும்பாலும் எட்டிப்பிடித்துவிடும்.

பைங்குடிலில் பராமரிப்பு

இரண்டு உண்மையிலைகள் தோன்றியதும் நாற்றுகளைச் சிறு தொட்டிகளுக்கும், வேர் நிறைந்தபின் 20 சென்டிமீட்டர் அளவிலான தொட்டிகளுக்கும் மாற்றுவர். வெப்பமூட்டாத பைங்குடிலுக்கு மே மாதமே ஏற்றது. இரவு வெப்பம் 12 பாகைக்குக் கீழ் சென்றால் வளர்ச்சி தேங்கும். மறுபுறம், வெயில் நாளில் மூடிய பைங்குடில் 35 பாகையைக் கடந்துவிடும். அப்போது பூக்கள் காய் பிடிக்காமல் உதிரும். கதவையும் கூரைச் சாளரத்தையும் காலையிலேயே திறந்துவைக்க வேண்டும்.

மிளகாய்ப் பூ தன்மகரந்தச் சேர்க்கை செய்யவல்லது. பைங்குடிலில் காற்றும் தேனீயும் குறைவு என்பதால், பூத்த கிளைகளை நண்பகலில் மெல்லத் தட்டிவிடுவது காய்ப்பிற்கு உதவும். முதற் காய்கள் பிடித்தபின் பொட்டாசியம் மிகுந்த தக்காளி உரத்தை வாரம் ஒருமுறை இடலாம். நீரூற்றல் ஒழுங்கற்றிருந்தால் காய்க்குக் கால்சியம் சென்றடையாமல் நுனி கறுத்து அழுகும். மண்ணில் கால்சியம் இருந்தாலும் இது நேரும். அசுவினி, வெள்ளை ஈ, உலர்ந்த வெப்பத்தில் பெருகும் சிவப்புச் சிலந்திப்பேன் ஆகியன முதன்மைப் பீடைகள். வெள்ளை ஈக்கு என்கார்சியா பார்மோசா என்னும் ஒட்டுண்ணிக் குளவி பயன்படுகிறது.

எதிர்பாராத காரம்

காரமற்ற செடியின் அருகில் காரமான செடியை நட்டால் அவ்வாண்டுக் காய்களே காரமாகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. இது தவறு. காயின் சதையும் சூலொட்டுத் திசுவும் தாய்ச் செடியினுடையவை. அயல் மகரந்தத்தின் மரபுப் பண்பு விதைக்குள் மட்டுமே செல்கிறது. அந்த விதையை அடுத்த ஆண்டு விதைத்தால்தான் மாற்றம் தெரியும். குடைமிளகாயில் காரத்தைத் தீர்மானிக்கும் பன்1 மரபணு செயலிழந்துள்ளது. இது ஒடுங்கு பண்பு. ஆகவே காரமான வகையுடன் கலந்த முதல் தலைமுறைச் செடிகள் பொதுவாகக் காரமான காய்களையே தரும். காரம் உண்ண இயலாதவர்களுக்காக வளர்ப்பவர்கள் இதனைக் கவனத்தில் கொள்ளவேண்டும்.

அதே ஆண்டில் காரம் கூடினால், நீர்த்தட்டுப்பாடு, மிகை வெப்பம், காய் முற்றியது ஆகியவற்றுள் ஒன்று காரணமாக இருக்கலாம். பத்ரோன் காய்களை 5 சென்டிமீட்டர் அளவிலேயே பறிப்பது இதனாலேயே. விதையே மாறியிருப்பதும் உண்டு: 2023 இல் அமெரிக்காவில் அலப்பேனோ எனப் பெயரிட்டு விற்கப்பட்ட விதைகள் பல தோட்டங்களில் காரம் குறைந்த மஞ்சள் மிளகாய்களைத் தந்தன. அங்கு பிழை காரம் குறைவதாக அமைந்தது. எதிர்த்திசையிலும் அது நேரக்கூடும். ஐயம் உள்ள செடியின் முதற் காயில், காம்புப் பக்கத்தில் சூலொட்டுத் திசுவுடன் ஒரு சிறு துண்டை வெட்டிச் சுவைத்தால் போதும். நுனிப்பகுதி பெரும்பாலும் காரம் குறைந்தது. அதை மட்டும் சுவைத்து முடிவு செய்யலாகாது.

விதை சேமிப்பு

பூ விரியும் முன் கிளையை மெல்லிய துணிப்பையால் மூடி, காய் பிடித்தபின் பையை நீக்கி நூலால் அடையாளம் கட்டுவர். அக்காய் செடியிலேயே முழுதும் சிவந்தபின் விதை எடுத்து, நிழலில் உலர்த்தவேண்டும். முதல் தலைமுறைக் கலப்பின வகைகளின் விதை தாயை ஒத்து முளைக்காது. குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைத்த விதைகள் இரண்டு மூன்று ஆண்டுகள் வரை நன்கு முளைக்கும்.