ஆங்கிலம் கற்பிக்கக் கடல்கடந்து வந்தோர்: கோலா கங்சார் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஒரு நாட்டின் இளம் பட்டதாரியைத் தேர்ந்தெடுத்துக் குறுகிய காலப் பயிற்சி அளித்து, வேறொரு நாட்டின் பள்ளியில் ஓரிரு ஆண்டுகள் ஆங்கிலம் கற்பிக்க அமர்த்தும் திட்டங்கள் இன்று ஆசியாவில் பரவலாக உள்ளன. ஜப்பான் 1987ஆம் ஆண்டிலும் தென்கொரியா 1995ஆம் ஆண்டிலும் அரசு நிலையில் இத்தகைய திட்டங்களைத் தொடங்கின. சீனாவிலோ அரசு, தன்னார்வ அமைப்பு, தனியார் முகவர் ஆகிய மூவகை வழிகளிலும் அயல்நாட்டு ஆசிரியர்கள் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் அனுப்பப்பட்டு வந்துள்ளனர். இத்திட்டங்களைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் செல்பவரின் அனுபவத்தையே பேசுகின்றன. எந்த வகுப்பறைக்கு ஆசிரியர் அனுப்பப்பட்டார், எந்த வகுப்பறைக்கு அனுப்பப்படவில்லை என்னும் வினா அவற்றில் அரிதாகவே எழுகிறது.

மலாயா இவ்வினாவை நூறாண்டுகளுக்கு மேலாகச் சந்தித்து வந்த நாடு. பேரா மாநிலத்தின் அரச நகரான கோலா கங்சாரையும் அதனைச் சூழ்ந்த ரப்பர்த் தோட்டங்களையும் களமாகக் கொண்டு, அயலிலிருந்து ஆங்கில ஆசிரியரை அமர்த்தும் முறை இங்கு எவ்வாறு செயற்பட்டது என்பதை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது. ஆசிரியரை அமர்த்துதல் என்பது மொழியைப் பரப்பும் செயலாக மட்டும் அமைவதில்லை. அம்மொழி யாருக்கு உரியது என்று முடிவு செய்யும் செயலாகவும் அமைகிறது என்பதே எமது கருத்து.

அரச நகரும் ஆங்கிலப் பள்ளியும்

பேரா ஆற்றங்கரையில் அமைந்த கோலா கங்சார், பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ தங்கியிருந்து ஆட்சி நடத்திய ஊராகும். 1877ஆம் ஆண்டில் அவரது இல்லத் தோட்டத்தில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. அக்காலத்து மரமொன்று இன்றும் அங்குப் பாதுகாக்கப்படுகிறது. தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் இம்மண்ணுக்கு அழைத்து வந்த பயிரும், நாட்டின் மிக உயர்ந்த ஆங்கிலக் கல்விக்கூடங்களுள் ஒன்றும் ஒரே ஊரில் வேரூன்றியமை நோக்கத்தக்கது.

ஆங்கிலத்தை எல்லாருக்கும் கற்பிக்க வேண்டும் என்பது குடியேற்ற ஆட்சியின் கொள்கையாக இருந்ததில்லை. பேராவின் ரெசிடெண்டாகப் பணியாற்றிய ஃபிராங்க் சுவெட்டன்ஹாம், வேறுபாடின்றி ஆங்கிலம் கற்பிப்பது ஆபத்தானது என 1890ஆம் ஆண்டு அறிக்கையில் எச்சரித்தார். ஆங்கிலம் படித்தோர் நிலத்தையும் உழைப்பையும் விட்டு எழுத்தர் வேலை தேடி அலைவர் என்பது அக்கால ஆட்சியாளர் பலரின் அச்சம். இந்தியாவின் நிலையே அவர்களுக்குச் சான்றாக இருந்தது.

இக்கொள்கையின் மறுபக்கமே 1905ஆம் ஆண்டில் கோலா கங்சாரில் தொடங்கப்பட்ட மலாய்க் கல்லூரி. கூட்டாட்சி மலாய் மாநிலங்களின் பள்ளி ஆய்வாளராக இருந்த ஆர். ஜே. வில்கின்சனின் முயற்சியில் உருவான இவ்விடுதிப் பள்ளி, மலாய் அரச குடும்பத்தினர், உயர்குடியினர் ஆகியோரின் புதல்வர்களை ஆட்சிப் பணிக்கு ஆயத்தம் செய்தது. அதன் முதல் தலைமையாசிரியர் வில்லியம் ஹார்கிரீவ்ஸ், அதற்கு முன்னர்ப் பினாங்கு ஃபிரீ ஸ்கூலின் தலைமையாசிரியராக இருந்தவர். பிரிட்டனிலிருந்து ஆசிரியர்களை வரவழைப்பது இக்கல்லூரியின் மரபாயிற்று.

அதே ஊரில் பல இன மாணவரும் பயின்ற ஆங்கிலப் பள்ளி ஒன்றும் இருந்தது. அதுவே கிளிஃபோர்டு பள்ளி. அண்மையிலுள்ள சுங்கை சிப்புட்டில் 1919ஆம் ஆண்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் இப்பள்ளியில் பயின்று, பின்னர்த் தமிழகத்தின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். அவர் தோட்ட உடைமைக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அத்தோட்டங்களில் பால்மரம் வெட்டியோரின் பிள்ளைகளுக்கு அவ்வழி எளிதில் திறக்கவில்லை.

தோட்டத்து வகுப்பறை

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள தோட்டங்கள் பள்ளி நடத்த வேண்டும் என விதித்தது. அவ்வாறு எழுந்த பள்ளிகள் பல ஓராசிரியர்ப் பள்ளிகள். தொடக்கக் காலத்தில் கிராணியோ கங்காணியோ பாடம் சொன்ன இடங்களும் உண்டு. காலையில் பால்மரக்காட்டிற்கும் பின்னர் வகுப்பறைக்கும் சென்ற பிள்ளைகள் பலர்.

இப்பள்ளிகள் தமிழைக் காத்தன, அதில் ஐயமில்லை. எனினும் தோட்டத்து எல்லையைத் தாண்டுவதற்குத் தேவையான மொழியை அவை தரவில்லை. நகரத்து ஆங்கிலப் பள்ளி கட்டணம் கேட்டது, தொலைவும் தடையாயிற்று. ஆங்கிலம் கற்பிக்க அயலிலிருந்து ஆசிரியரை வரவழைத்த அமைப்பு, அதே வட்டாரத்துத் தோட்டப் பள்ளியை அக்கணக்கில் சேர்க்கவில்லை. இதனை மறதி என்று கொள்ள இயலாது. சுவெட்டன்ஹாமின் எச்சரிக்கை நடைமுறையான விதம் இதுவே எனலாம்.

1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கைக்குப் பின்னரே மலாயும் ஆங்கிலமும் எல்லாப் பள்ளிகளிலும் கட்டாயப் பாடங்களாயின. தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப் பள்ளிக்குச் சென்ற மாணவர் மொழியை ஈடுசெய்ய ஓராண்டு புகுமுக வகுப்பில் கழிக்க வேண்டியிருந்தது. முந்திய தலைமுறைக்கு மறுக்கப்பட்ட ஆங்கிலத்தின் விலையை அடுத்த தலைமுறை தன் வாழ்நாளில் ஓராண்டாகச் செலுத்தியது.

ஆங்கிலேயர் அல்லாத ஆங்கில ஆசிரியர்

கடல்கடந்து வந்த ஆங்கில ஆசிரியர் எல்லாரும் பிரிட்டனிலிருந்து வந்தவர் அல்லர். 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் 1823ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையில் உயர்கல்விக்கூடம் ஒன்றை நிறுவினர். அம்மரபில் வளர்ந்த பள்ளிகள் ஆங்கிலம் கற்ற தமிழ் இளைஞர்களை உருவாக்கின. பேராவில் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே 1885ஆம் ஆண்டில் முதல் இருப்புப்பாதை திறக்கப்பட்ட காலம் தொட்டு, இவ்விளைஞர்கள் இரயில்வே, நில அளவை, கருவூலம் ஆகிய துறைகளுக்கும் பள்ளிகளுக்கும் வந்து சேர்ந்தனர். தமிழகத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆசிரியர் வந்தனர்.

பேராவின் ஆங்கிலப் பள்ளிகளில் இவ்வாசிரியர்கள் ஆங்கில இலக்கணமும் கணக்கும் வரலாறும் கற்பித்தனர். பிரிட்டனிலிருந்து வந்தவர் சில ஆண்டுகளில் வேறு பணிக்கு மாற்றப்படுவதும் தாய்நாடு திரும்புவதும் வழக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவரோ பெரும்பாலும் இங்கேயே தங்கினார். தம் மாணவரின் பிள்ளைகளுக்கும் பாடம் சொல்லும் அளவிற்கு நீண்ட பணிக்காலம் கண்டோர் அவருள் உண்டு. ஆயினும் ஊதியத்திலும் பதவியிலும் ஐரோப்பிய ஆசிரியர் ஒரு நிலையிலும் ஆசிய ஆசிரியர் மற்றொரு நிலையிலும் வைக்கப்பட்டனர். ஆங்கிலக் கல்வியின் வரலாற்றிலும் இதே படிநிலை தொடர்வதை நாம் காண்கிறோம். வந்து சென்றவரின் பெயர் நூல்களில் நிற்கிறது. தங்கிப் பணியாற்றியவரின் பெயர் பள்ளி ஆண்டு மலர்களோடு நின்றுவிடுகிறது.

ஜான் வில்சன் என்னும் ஆசிரியர்

வந்து சென்றவருள் மிகுந்த புகழ் பெற்றவர் ஜான் பர்ஜஸ் வில்சன். 1917ஆம் ஆண்டில் மான்செஸ்டரில் பிறந்த இவரை உலகம் அந்தோணி பர்ஜஸ் என அறியும். இங்கிலாந்தில் பான்பரி நகரப் பள்ளியில் ஆசிரியராக இருந்த அவர், குடியேற்ற நாட்டுக் கல்வி அதிகாரியாக அமர்த்தப்பட்டு 1954ஆம் ஆண்டில் கோலா கங்சார் மலாய்க் கல்லூரிக்கு வந்தார். அவசரகாலம் நடைபெற்ற காலம் அது. 1948ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தோட்ட நிர்வாகிகள் மூவர் கொல்லப்பட்டு அவசரகாலம் தொடங்கக் காரணமான சுங்கை சிப்புட், கோலா கங்சாருக்கு அண்மையிலேயே உள்ளது. வில்சன் மலாய்மொழியை ஊன்றிக் கற்று அரசுத் தேர்வுகளில் தேறினார். 1955ஆம் ஆண்டில் கிளந்தான் மாநிலத்தின் கோத்தா பாருவிலிருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு மாற்றப்பட்டார்.

1956ஆம் ஆண்டில் வெளிவந்த 'டைம் ஃபார் எ டைகர்' என்னும் அவரது முதல் நாவல் கோலா கங்சாரைப் புனைபெயரில் சித்திரிக்கிறது. அதில் வரும் மன்சோர் பள்ளியில் மலாய், சீன, இந்திய மாணவர் ஒன்றாகப் பயில்கின்றனர். அவர் உண்மையில் கற்பித்த கல்லூரியோ மலாய் மாணவர்க்கு மட்டும் உரியது. நடைமுறை தனித்தனியே பிரித்து வைத்த பிள்ளைகளைப் புனைவு ஒரே கூரையின்கீழ் அமர்த்துகிறது. இம்மாற்றத்தைக் கதை வசதிக்காகச் செய்யப்பட்டதாக மட்டும் நாம் கருதவில்லை. விடுதலையை நோக்கிச் சென்ற நாட்டில் அத்தகைய வகுப்பறை இல்லாமை ஒரு குறை என்பதை அப்புனைவு உணர்த்துகிறது.

அவரது மலாயா நாவல்களுள் மூன்றாவதான, 1959இல் வெளிவந்த 'பெட்ஸ் இன் தி ஈஸ்ட்' யாழ்ப்பாணத் தமிழ் அலுவலர்களை முக்கிய மாந்தராகக் கொண்டது. ஆங்கிலம் கற்ற தமிழரை அவர் நெருங்கிக் கண்டார் என்பது இதனால் புலனாகும். எனினும் அவரைக் கோலா கங்சாரில் அமர்த்திய முறை, தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளையை அவர்முன் மாணவராக ஒருநாளும் கொண்டுவந்து நிறுத்தவில்லை. தனிமனிதரின் ஆர்வம் எவ்வளவு பெரிதாயினும் அமர்த்தும் முறையின் எல்லையை அது தாண்ட இயலாது என்பதற்கு இது தக்க சான்று.

சென்று கற்று வந்தோரும் தன்னார்வலரும்

இதே காலத்தில் எதிர்த்திசையிலும் ஒரு பயணம் நடைபெற்றது. லிவர்பூல் நகருக்கு அருகிலுள்ள கெர்க்பியில் 1950களின் தொடக்கம் முதல் 1962 வரை மலாயா ஆசிரியர்களுக்கெனத் தனிப் பயிற்சிக் கல்லூரி இயங்கியது. வுல்வர்ஹாம்ப்டனுக்கு அருகில் பிரின்ஸ்ஃபோர்டு லாட்ஜ் கல்லூரி 1955 முதல் 1964 வரை செயற்பட்டது. மலாய், சீன, இந்திய இளைஞர்கள் அங்கு ஒன்றாகத் தங்கிப் பயின்றனர். கெர்க்பியில் மட்டும் ஏறத்தாழ 1,900 ஆசிரியர் பயிற்சி பெற்றனர். 1956ஆம் ஆண்டு பிப்ரவரியில் துங்கு அப்துல் ரகுமான் விடுதலை நாளை இம்மாணவர் முன்னிலையில் அறிவித்தமை குறிப்பிடத்தக்கது. அயல்நாட்டு ஆசிரியரை இங்கே கொண்டுவருவதை விட நம்மவரை அனுப்பிப் பயிற்றுவிப்பதன் பயன் நீடித்தது. திரும்பி வந்தவர்கள் பல பத்தாண்டுகள் நாட்டின் பள்ளிகளில் பணியாற்றினர்.

1961ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அமெரிக்க அமைதிப் படை, அதாவது தன்னார்வலர் அமைப்பு, 1962 ஜனவரியில் தன் முதற்குழுவை மலாயாவுக்கு அனுப்பியது. 1983 வரை 4,000க்கும் மேற்பட்ட தன்னார்வலர் இங்குப் பணியாற்றினர். ஆங்கிலம், அறிவியல், கணிதம் ஆகியவற்றைக் கற்பித்தவர் அவருள் பலர். இவர்கள் மலாய்மொழிப் பயிற்சி பெற்றே வந்தனர். எளிய வாழ்க்கையை ஏற்றனர். குடியேற்றக் கால ஆசிரியரிடமிருந்து இவர்களை வேறுபடுத்துவது இதுவே. எனினும் பணிக்காலம் பொதுவாக ஈராண்டு. அவர்களுள் பெரும்பாலோர் அமர்த்தப்பட்டது இடைநிலைப் பள்ளியில். தொடக்கக் கல்வியில் பின்தங்கிய தோட்டத்து மாணவன் அவ்வகுப்பறையை எட்டினால் மட்டுமே அவரிடம் பயில முடிந்தது.

1970ஆம் ஆண்டு முதல் ஆங்கிலப் பள்ளிகள் படிப்படியாகத் தேசிய மொழிக்கு மாறின. கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட வேண்டும் என்ற கொள்கை 2003ஆம் ஆண்டில் தமிழ்ப்பள்ளிகள் உட்பட எல்லாப் பள்ளிகளிலும் நடைமுறைக்கு வந்து, 2009ஆம் ஆண்டில் கைவிட முடிவு செய்யப்பட்டது. 2006ஆம் ஆண்டில் திரெங்கானுவில் தொடங்கிய அமெரிக்க ஃபுல்பிரைட் ஆங்கிலத் துணையாசிரியர் திட்டம் பின்னர்ப் பிற மாநிலங்களுக்கும் விரிந்தது. கொள்கை மாறும்போதெல்லாம் அயலிலிருந்து ஆசிரியரை எதிர்பார்க்கும் பழக்கம் மீண்டும் தலைதூக்குகிறது.

சீனத்தோடு ஓர் ஒப்பீடு

இவ்விடத்தில் சீனாவின் அனுபவத்தை ஒப்பிட்டு நோக்குதல் பயன்தரும். அமெரிக்க அமைதிப் படை 1993 முதல் 2020 வரை அங்கு 1,300க்கும் மேற்பட்ட தன்னார்வலரை அனுப்பியது. சிச்சுவான் முதலிய மேற்குப் பகுதிகளின் கல்லூரிகளில், குறிப்பாக எதிர்கால ஆசிரியரை உருவாக்கும் கல்லூரிகளில், அவர்கள் அமர்த்தப்பட்டனர். அங்குப் பயின்றவர் பலர் சிற்றூர்ப் பள்ளிகளுக்கு ஆசிரியராகச் சென்றனர். ஓர் அயலாசிரியரின் பணி அவர் காணாத ஊர்களுக்கும் சென்று சேர்ந்தது. வில்சன் கோலா கங்சாரில் செய்த பணிக்கும் கோத்தா பாருவில் செய்த பணிக்கும் உள்ள வேறுபாடும் இத்தகையதே.

அதே சீனாவில் மற்றொரு போக்கும் உண்டு. ஆங்கிலம் கற்பிக்க வருவோர் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா போன்ற ஆங்கிலம் வழங்கும் நாடுகளின் குடிமக்களாக இருத்தல் வேண்டும் என்பது பொதுவான நிபந்தனையாயிற்று. மூன்று தலைமுறையாக ஆங்கிலம் கற்பித்துவரும் மரபில் வந்த மலேசியத் தமிழாசிரியர் ஒருவரைக் காட்டிலும், கற்பித்தல் அறியாத இளம் பட்டதாரியின் கடவுச்சீட்டு அங்கு மதிப்புப் பெறும். குடியேற்றக் காலத்து ஊதியப் படிநிலை புதிய வடிவில் திரும்பியுள்ளது என்றே இதனைக் கொள்ள வேண்டும்.

முடிவுரை

இதுவரை கண்டவற்றிலிருந்து அமர்த்தல் திட்டம் எதனையும் மதிப்பிட மூன்று வினாக்களை நாம் முன்வைக்கலாம். முதலாவது, ஆசிரியர் எந்த மாணவர்முன் நிறுத்தப்படுகிறார்? இரண்டாவது, அவர் மாணவரைப் பயிற்றுவிக்கிறாரா, ஆசிரியரைப் பயிற்றுவிக்கிறாரா? மூன்றாவது, அவர் சென்ற பின்னர் அவ்விடத்தில் எது எஞ்சுகிறது? கோலா கங்சார் வட்டாரத்தின் வரலாற்றில் முதல் வினாவிற்கான விடை தோட்டத்துப் பிள்ளைக்குச் சாதகமாக அமையவில்லை. மற்ற இரண்டிற்கும் நல்ல விடை தந்தவர்கள் பெரும்பாலும் உள்நாட்டில் தங்கிப் பணியாற்றிய ஆசிரியர்களே.

அவ்வாசிரியரின் வரலாறு இன்னும் எழுதப்படவில்லை. 1957ஆம் ஆண்டில் 888ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஏறத்தாழ 530ஆகக் குறைந்துள்ளன. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது பள்ளிகள் மூடப்பட்டன; சில இடம்பெயர்ந்தன. அவற்றோடு வருகைப் பதிவேடுகளும் ஆண்டு மலர்களும் நிழற்படங்களும் மறைந்து வருகின்றன. தோட்டப் பள்ளியில் முதன்முதலாக ஆங்கிலம் கற்பித்தவர், புகுமுக வகுப்பில் மாணவரைக் கரைசேர்த்தவர் ஆகியோருள் இன்று வாழ்வோர் முதுமையில் உள்ளனர். பேரா மாநிலத் தமிழாசிரியர்கள் தத்தம் பள்ளி அளவில் இவர்களின் வாய்மொழி வரலாற்றைத் திரட்டத் தொடங்குவார்களாயின், பல்கலைக்கழக ஆய்வுக்கு உறுதியான அடித்தளம் கிட்டும். அயலிலிருந்து ஓர் ஆங்கில ஆசிரியரை அழைக்கும் முன்னர், இங்கே யார் இருந்தார், எவ்வாறு கற்பித்தார் என்பதை அறிந்திருத்தல் கல்வித் திட்டமிடுவோருக்கும் நமக்கும் இன்றியமையாத கடமையாகும்.