உளுந்தில் வண்டு விழாமல் காக்கும் காற்றில்லா பை: செய்ய வேண்டியதும் செய்யக் கூடாததும்

கடலூர் மாவட்டம் வேப்பூர், விருத்தாசலம் பகுதி விவசாயிகள் உளுந்தை வீட்டில் இருப்பு வைக்கத் தயங்குவதற்கு முக்கியக் காரணம் வண்டு. இதனால் விலை குறைவாக இருக்கும் அறுவடை நேரத்திலேயே விற்க வேண்டியதாகிறது. காற்று நீக்கிய பையில் சேமித்தால், மருந்து இல்லாமலேயே வண்டைக் கட்டுப்படுத்தலாம்.

வண்டு வருவது எப்படி?

பயறு வண்டு வயலிலேயே காய்களின் மேல் முட்டையிடத் தொடங்கிவிடும். பின்னர் இருப்பில் உள்ள விதைகளின் மேல் வெள்ளைப் புள்ளி போல முட்டைகளை ஒட்டி வைக்கும். பொரித்த புழு விதைக்குள் துளைத்துச் சென்று பருப்பைத் தின்னும். சுமார் ஒரு மாதத்தில் வட்ட ஓட்டை போட்டு வண்டாக வெளியே வரும். பைக்குள் பிராணவாயு குறைந்தால் புழுவும் வண்டும் பெருக முடியாமல் செத்துவிடும்.

முதலில் காய்ச்சல், பிறகு பை

ஈரத்தோடு கட்டினால் பூஞ்சாணம் பிடிக்கும், விதையின் முளைப்புத்திறனும் போகும். உளுந்தை ஈரப்பதம் 9 சதவீதம் அளவுக்கு வரும்வரை காயவைக்கவும். பல்லில் கடித்தால் ‘டக்’கென்று உடைய வேண்டும். தூசி, உடைந்த பருப்பு நீக்கி, நிழலில் ஆறவைத்த பிறகே பையில் போடவும். வெயில் சூட்டோடு கட்டினால் பைக்குள் வியர்த்துவிடும்.

இயந்திரம் இல்லாவிட்டால்

அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகம் ஆப்பிரிக்க விவசாயிகளின் தட்டைப்பயறுக்காக உருவாக்கிய மூன்றடுக்குப் பையில், கனமான பாலித்தீன் பை இரண்டும், வெளியே பிளாஸ்டிக் சாக்கு ஒன்றும் இருக்கும். பையை நிறைய நிரப்பி, காற்றை அழுத்தி வெளியேற்றி, ஒவ்வொரு பையின் வாயையும் தனித்தனியாக முறுக்கி, மடக்கி, இறுக்கிக் கட்ட வேண்டும். அடிக்கடி திறந்தால் பலன் இல்லை. எலி கடிக்காமல் பலகை மேல், சுவரிலிருந்து தள்ளி வைக்கவும்.

வீட்டுத் தேவைக்கு வேக்கம் சீல் இயந்திரம் வைத்திருப்பவர்கள், ஒரு வாரத்துக்கு வேண்டிய அளவாகப் பிரித்து பேக் செய்யலாம். முந்திரிப் பருப்பு, மிளகாய், மல்லி போன்றவற்றுக்கும் இது ஏற்றது. மருந்து கலந்த விதையை உணவுப் பைகளோடு சேர்க்காமல், பெயரும் தேதியும் எழுதித் தனியே வைக்கவும்.

இவற்றை அடைக்கக் கூடாது

சின்ன வெங்காயத்துக்குக் காற்றோட்டம் தேவை, அடைத்தால் அழுகிவிடும். உரித்த பூண்டு, காளான், மீன், சமைத்த உணவு ஆகியவற்றைக் காற்று நீக்கி வெளியில் வைப்பது ஆபத்து. காற்றில்லாத இடத்தில் வளரும் போட்டுலினம் என்ற பாக்டீரியா உயிரைப் பறிக்கும் நஞ்சை உண்டாக்கும். அதை வாசனையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. வேக்கம் பை குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்று அல்ல.

பத்திரம், பட்டா, வங்கிப் புத்தகம் போன்றவற்றை நன்றாக உலர்த்தி, காற்றும் நீரும் புகாத பையில் அடைத்து வைத்தால் மழை வெள்ளக் காலத்தில் நனையாமல் காக்கலாம்.

விதைச் சேமிப்பு குறித்த சந்தேகங்களுக்கு விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.