இலவசக் காவல்

சென்னையிலிருந்து தெற்கே மாமல்லபுரம் நோக்கிச் செல்லும் பழைய சாலையில், சோழிங்கநல்லூரையும் நாவலூரையும் கடந்தால் சிறுசேரி வருகிறது. அச்சிற்றூரில் இன்று சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா அமைந்திருக்கிறது. ஆயிரக்கணக்கானோர் அங்கே கணினியின் முன் அமர்ந்து உலகின் பல நாடுகளுக்கு வேலை செய்கின்றனர். அவர்களுடைய கணினிகளைக் காப்பதற்கென்றே வல்லுநர்கள் உண்டு. விலை கொடுத்து வாங்கிய மென்பொருளும் உண்டு. ஆனால் அவ்வூர்ப் பக்கத்தில் ஒரு சிறு ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவருக்கு அந்த வசதி ஏது? நாள்தோறும் பலர் கொண்டுவரும் பென் டிரைவுகளை அவர் தம் ஒரே கணினியில் செருகியாக வேண்டும். ஒருவருடைய பென் டிரைவில் வந்த வைரஸ் அடுத்தவருடையதில் ஏறிக்கொண்டு அவர் வீட்டுக்கும் போய்ச் சேருகிறது. அக்கணினி வழியே செல்பவையோ ஊராரின் ஆதார் அட்டை, பட்டா, பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ் ஆகியவை. “இலவசமாகக் கிடைக்கும் வைரஸ் எதிர்ப்பு மென்பொருளை நம்பலாமா?” என்று அவர் நம்மைக் கேட்டால் என்ன விடை கூறுவது? வரலாற்றைச் சிறிது புரட்டிப் பார்த்தால் விடை கிடைக்கிறது.

இலவசப் பாதுகாப்பு என்பது நமக்குப் புதியதன்று. கிண்டியில் 1899-ஆம் ஆண்டில் தோன்றிய கிங் நிலையம், அம்மைப்பால் தயாரித்துச் சென்னை மாகாணம் முழுவதற்கும் அனுப்பி வந்தது. ஊர் ஊராக வந்து அம்மை குத்தியவரிடம் யாரும் விலை கேட்கவில்லை. அதன் செலவு மக்களின் வரிப்பணத்திலிருந்து சென்றது. அதன் பயனும் மக்களுக்கே வந்தது. அப்படியிருந்தும் கேள்வி எழாமல் இல்லை. 1955-ஆம் ஆண்டில், பி.சி.ஜி. ஊசியை எல்லார்க்கும் போடுவது சரிதானா என்று இராஜாஜி வெளிப்படையாக வாதிட்டார். அவர் கருத்து சரியா, தவறா என்பது வேறு. கொடுப்பவர் யார், செலவை ஏற்பவர் யார், கேள்வி கேட்டால் பதில் சொல்பவர் யார் என்பவை அனைவருக்கும் தெரிந்திருந்தன. நம்பிக்கைக்கு அடிப்படை அதுவே.

கணினி வைரஸ் என்பது ஓர் உயிரன்று. மனிதர் எழுதிய நிரல்தான். ஐ.பி.எம். வகைக் கணினிகளில் பரவிய முதல் வைரஸ் 1986-இல் லாகூரில் இரு சகோதரர்கள் எழுதிய ‘பிரெயின்’ என்பதாகும். தாங்கள் எழுதிய மென்பொருளைப் பிறர் திருட்டுத்தனமாகப் படியெடுப்பதைக் கண்டறியவே அதனை எழுதியதாக அவர்கள் கூறினர். தங்கள் பெயரையும் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் அதில் அவர்களே பொறித்திருந்தது விந்தை. அதன் பின் வந்தவர்கள் பெயரை மறைத்துக்கொண்டார்கள்.

நோய் தோன்றியதும் மருந்தும் தோன்றியது. அமெரிக்காவில் 1987-இல் தொடங்கிய மெக்காஃபி நிறுவனம் தன் மென்பொருளை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று விட்டது. பணத்தைப் பெரும்பாலும் அலுவலகங்களிடமிருந்தே பெற்றது. பிராகு நகரில் 1988-இல் ‘வியன்னா’ என்னும் வைரஸைக் கண்ட பவெல் பௌடிஷ் என்பவர் அதனை நீக்க ஒரு நிரல் எழுதினார். நண்பர் எட்வார்ட் குசேராவுடன் அவர் தொடங்கிய கூட்டுறவு அமைப்பே பின்னர் ‘அவாஸ்ட்’ நிறுவனமாயிற்று. அது 2001-இல் வீட்டுப் பயனுக்கென இலவசப் பதிப்பை வெளியிட்டு, பல கோடிக் கணினிகளில் இடம் பெற்றது.

நம் சென்னையும் இதில் பின்தங்கவில்லை. 1991-இல் கேசவர்த்தனன் இங்கே தொடங்கிய ‘கே7 கம்ப்யூட்டிங்’, சோழிங்கநல்லூரில், சிறுசேரிக்குப் போகும் அதே சாலையில் இயங்கியது. இந்நிறுவனத்தின் நுட்பத்தைக் கொண்டு ஜப்பானில் சோர்ஸ்நெக்ஸ்ட் நிறுவனம் 2006-இல் ‘வைரஸ் செக்யூரிட்டி ஜீரோ’ என்ற மென்பொருளை விற்கத் தொடங்கியது. ஒருமுறை விலை கொடுத்தால் போதும். ஆண்டுதோறும் புதுப்பிக்கும் கட்டணம் இல்லை.

விலையின்றிக் கொடுப்பவர்களுக்கு என்ன ஆதாயம்? ஆதாயம் உண்டு, அது நியாயமானதும் ஆகும். இலவசத்தைப் பழகியவர் சிலர் நாளை விலை கொடுத்து வாங்குவர். மேலும், புதிய வைரஸ் ஒன்று எங்கேனும் தலைகாட்டினால், அங்குள்ள கணினி அதன் மாதிரியை நிறுவனத்துக்கு அனுப்புகிறது. அதன் அடையாளம் பதிவாகி, உலகெங்கும் உள்ள பிற கணினிகளுக்கு எச்சரிக்கை செல்கிறது. பயனாளர் பெருகப் பெருக ஒற்றர்களும் பெருகுகின்றனர். இதனால் இலவசப் பதிப்பு திறமையில் தாழ்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலும், விற்கும் பதிப்பில் உள்ள அதே ஆய்வுப் பொறிதான் இலவசப் பதிப்பிலும் உள்ளது. ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பாரட்டிவ்ஸ் போன்ற ஆய்வு நிலையங்களின் சோதனைகளில் இலவச மென்பொருள்கள் பலமுறை சிறந்த இடம் பெற்றுள்ளன.

ஆனால் திறமை வேறு, நாணயம் வேறு. கள்வனைப் பிடிக்க வல்ல காவற்காரன், வீட்டுச் செய்தியை வெளியே விற்காதவனாகவும் இருக்க வேண்டும். வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் கணினியின் எல்லா அறைகளுக்கும் சாவி பெற்ற காவற்காரன். எந்தக் கோப்பைத் திறக்கிறோம், எந்த இணையதளத்துக்குச் செல்கிறோம் என்பதையெல்லாம் பார்ப்பதே அதன் தொழில்.

இந்தச் சாவி தவறாகப் பயன்பட்ட நிகழ்ச்சி 2020 ஜனவரியில் வெளிப்பட்டது. அவாஸ்ட், தன் பயனாளர்கள் இணையத்தில் எங்கெங்கே சென்றனர் என்ற விவரங்களைத் திரட்டி, ‘ஜம்ப்ஷாட்’ என்னும் துணை நிறுவனத்தின் வழியாக விற்றுவந்ததைப் பத்திரிகைகள் வெளியிட்டன. பெயர்களை நீக்கிவிட்டோம் என்று சமாதானம் கூறப்பட்டது. ஆனால் ஒவ்வொரு கணினிக்கும் தனி அடையாள எண் இருந்ததால் ஆளைக் கண்டுபிடித்தல் இயலாததன்று. அந்த மாத இறுதியிலேயே ஜம்ப்ஷாட் மூடப்பட்டது. 2024-இல் அமெரிக்க மத்திய வணிக ஆணையம் 1 கோடியே 65 லட்சம் டாலர் செலுத்தச் செய்து, விளம்பரத்துக்காக இத்தகைய விவரங்களை விற்பதற்கும் தடை விதித்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை இது. அக்காவலுக்கு மக்கள் பணமாகத் தரவில்லையே ஒழிய, தங்கள் அந்தரங்கத்தை விலையாகத் தந்திருந்தார்கள்.

இதனினும் கொடிய வகை ஒன்றும் உண்டு. திரையில் திடீரென ஓர் அறிவிப்பு தோன்றி, “உங்கள் கணினியில் வைரஸ் உள்ளது, இலவசமாகச் சோதிக்கிறோம்” என்கிறது. சோதனையும் பொய், கண்டதாகச் சொல்லும் வைரஸும் பொய். பணம் பறிப்பது மட்டுமே மெய். ‘எக்ஸ்பி ஆன்டிவைரஸ்’ முதலிய பெயர்களில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஏமாற்றியதாக ஒரு கூட்டத்தார்மீது அதே ஆணையம் 2008-இல் வழக்குத் தொடுத்தது.

அப்படியானால் விலை கொடுத்து வாங்கினால் கவலை இல்லையா? அதுவும் உறுதியன்று. 2010 ஏப்ரல் 21-ஆம் நாள், மெக்காஃபியின் புதிய பதிவேடு ஒன்று விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத கோப்பையே வைரஸ் என்று தவறாக எண்ணி முடக்கிவிட்டது. விலை கொடுத்திருந்த அலுவலகங்களின் கணினிகள் பல நாடுகளில் நின்றன. ஆகவே விலை மட்டும் நாணயத்தைக் காட்டும் அளவுகோல் ஆகாது.

இன்றைய நிலை என்ன? மைக்ரோசாஃப்ட் 2009-இல் தனியாக ஓர் இலவச மென்பொருளை வெளியிட்டது. 2012-இன் இறுதியில் அது ஏவி-டெஸ்ட் சான்றிதழைப் பெறத் தவறியது. அதே ஆண்டில் வந்த விண்டோஸ் 8 முதல் ‘டிஃபெண்டர்’ கணினியோடு சேர்ந்தே வருகிறது. பின்னாளில் அது நல்ல மதிப்பெண்களும் பெற்றது. விண்டோஸுக்குக் கொடுத்த விலையிலேயே இக்காவலின் செலவும் அடங்கிவிடுகிறது. 2002-இல் தோன்றிய ‘கிளாம்ஏவி’ திறந்த மூலநிரல் கொண்டது. அதன் உள்ளமைப்பை யாரும் படித்துப் பார்க்கலாம். இந்திய அரசும் 2017 பிப்ரவரியில் ‘சைபர் ஸ்வச்தா கேந்திரா’ என்ற நிலையத்தைத் தொடங்கி, நம் நாட்டு நிறுவனங்கள் செய்த தூய்மைக் கருவிகளை விலையின்றி வழங்குகிறது. கிண்டியின் அம்மைப்பால் மரபு இங்கே தொடர்கிறது எனலாம்.

எனவே கடைக்காரருக்கு நாம் கூறும் விடை இது. “இலவசமா?” என்று கேட்பதோடு நில்லாமல், “இதன் செலவை யார் ஏற்கிறார்?” என்றும் கேட்க வேண்டும். அதற்குத் தெளிவான விடை கிடைத்தால் ஏற்கலாம். விடை மறைக்கப்பட்டால், அச்செலவை ஏற்பவர் நாமே என்று கொள்ள வேண்டும். கணினியோடு வந்த காவலை அணைக்காமல் வைத்திருந்தால் அவருக்குப் பெரும்பாலும் அதுவே போதும். அழைக்காமல் திரையில் தோன்றும் அறிவிப்பை நம்பலாகாது.

இன்னொன்றையும் அவர் மறக்கலாகாது. 2017 மே மாதத்தில் உலகைக் கலக்கிய ‘வன்னாகிரை’ நுழைந்த ஓட்டைக்கு, இரண்டு மாதங்களுக்கு முன்பே மார்ச்சில் திருத்தம் வெளியாகியிருந்தது. அதை நிறுவாதிருந்தவர்களே துன்புற்றனர். விண்டோஸ் 10-க்கான வழக்கமான திருத்தங்களும் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நின்றுவிட்டன. சுவரில் ஓட்டை இருக்க, வாசலில் காவற்காரனை நிறுத்திப் பயனில்லை. ஊராரின் பத்திரங்களைக் கையில் வாங்குகிறவருக்கு அந்தச் சுவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் உண்டு.