கூர்நோக்கும் பார்க்கப்படாத மனமும்: ஆமத்தூரிலிருந்து சில குறிப்புகள்

விருதுநகரிலிருந்து சிவகாசி போகிற சாலையில் இருக்கிறது ஆமத்தூர். அந்தப் பக்கத்து அம்மா ஒருவர் சில வருஷங்களுக்கு முன்னால் என்னிடம் கேட்டார்: "திருடுனான்னு போலீசு பிடிச்சிட்டுப் போச்சு, சரிய்யா. ஆனா ஒரு வருஷமா அவனுக்குத் தூக்கமே கெடையாது. எங்கயாவது வெடிச்சத்தம் கேட்டா ஒடம்பெல்லாம் வெடவெடன்னு ஆயிருது. அத யாருகிட்டச் சொல்லணும்?"

பையனின் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிடுகிறேன். ஒரு பட்டாசு விபத்தைக் கண்ணால் பார்த்தவன் என்பது மட்டும் போதும். அந்த அம்மாவோடு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். "மொதல்ல ஜாமீன் எடுங்க, மத்ததெல்லாம் பெறகு" என்றார்கள். இன்னோர் அலுவலகத்தில், "கேஸ் இருக்கா? அப்ப அங்கருந்து லெட்டர் வரட்டும்" என்றார்கள். குற்றத்துக்கு ஒரு மேஜை, மனசுக்கு ஒரு மேஜை. இரண்டுக்கும் நடுவே ஒரு பிள்ளை. இந்த இரண்டு மேஜைகளும் எப்போது பிரிந்தன என்கிற கேள்விதான் இக்கட்டுரைக்குக் காரணம்.

தமிழ்ப் பேச்சில் இரண்டு ஊர்கள் வசவாகவே மாறியிருக்கின்றன. ஒன்று கீழ்ப்பாக்கம். 1794-இல் சென்னையில் தொடங்கிய மனநோய்க் காப்பகத்தின் மரபில், 1871-இல் கீழ்ப்பாக்கத்துக்கு வந்த நிறுவனம் அது. மற்றது செங்கல்பட்டு. 1876-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியில் 1887-இல் சீர்திருத்தப் பள்ளி அமைந்த ஊர். காலனிய அரசு பைத்தியத்துக்கு ஒரு மதிலும் 'கெட்ட பிள்ளை'க்கு ஒரு மதிலும் கட்டியது. இரண்டு மதிலுக்கும் இடையே பாதை போட அதற்கு அவசியம் இருக்கவில்லை. ஏனென்றால் குற்றம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு அதனிடம் ஏற்கெனவே விடை இருந்தது: பிறப்பிலிருந்து. 1871-இன் குற்றப் பரம்பரையினர் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கு நீட்டிக்கப்பட்டபோது, பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளிகளில் வைக்கவும் அதில் இடமிருந்தது. சாதியே நோய்க்குறியாகிவிட்ட இடத்தில் தனியாக ஒரு மனதை யார் விசாரிப்பார்கள்? மாகாணத்தில் அச்சட்டம் 1947-இல் நீக்கப்பட்டது. 'அந்தத் தெருப் பயலுக' என்று பேசுகிற காவல் நிலைய மொழியிலிருந்து அது நீங்கியதாக நான் நம்பவில்லை.

1920-இல் வந்த சென்னைச் சிறார் சட்டம் இந்தியாவிலேயே முதலாவது. வங்காளத்துக்கு 1922-இல், பம்பாய்க்கு 1924-இல்தான் வந்தது. சிறுவனைப் பெரியவர்களின் சிறையில் போடக்கூடாது, தனி நீதிமன்றம் வேண்டும் என்பது அன்றைக்குப் பெரிய விஷயம்தான். ஆனால் சிக்காகோவில் 1899-இல் சிறார் நீதிமன்றம் வந்த பத்தாண்டுக்குள், 1909-இல், வில்லியம் ஹீலி என்கிற மருத்துவர் அதை ஒட்டியே ஒரு மனநல நிலையம் தொடங்கிவிட்டார். இங்கே நீதிமன்றத்தை மட்டும் இறக்குமதி செய்தோம்.

1986 டிசம்பருக்கு வருவோம். அந்த ஒரே மாதத்தில் இரண்டு சட்டங்கள். 1-ஆம் தேதி இளம் சிறார் நீதிச் சட்டம், 23-ஆம் தேதி குழந்தைத் தொழிலாளர் சட்டம். சிவகாசி தீப்பெட்டி, பட்டாசுப் பிள்ளைகளைப் பற்றி எம்.சி. மேத்தா உச்ச நீதிமன்றம் போனதும் அதே 1986-இல்தான். உழைக்கிற பிள்ளைக்கு ஒரு சட்டம், தவறுகிற பிள்ளைக்கு ஒரு சட்டம். ஒரே பிள்ளை இரண்டுமாக இருக்கக்கூடும் என்பது தில்லிக்குத் தோன்றவில்லை. தொழிலாளர் சட்டம் தீப்பெட்டி, பட்டாசு வேலையைத் தடை செய்தது. ஆனால் குடும்பமாகச் செய்கிற இடத்துக்கு விலக்கு கொடுத்தது. பெட்டி ஒட்டுகிற வேலை திண்ணைக்கு வந்தது. 1996 டிசம்பர் 10-இல் வந்த தீர்ப்பு, பிள்ளைக்கு 20,000 ரூபாய் முதலாளி கட்ட வேண்டும், பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டும் என்றது. கூலியும் பள்ளியும் கணக்கில் வந்தன. கருகிய உடல்களைப் பார்த்த கண் கணக்கில் வரவில்லை. 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டி ஆலையில் ஏறத்தாழ 40 பேர் செத்தபோதும் நிவாரணம் என்பது பிணத்துக்குத்தான். பார்த்துக்கொண்டு நின்ற பிள்ளைக்கு அல்ல.

கீழ்ப்பாக்கம் தொலைவு என்பதால் நம் ஜனங்கள் ஏர்வாடிக்குப் போனார்கள். 2001 ஆகஸ்ட் 6-இல் அங்கே ஒரு கொட்டகையில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டார்கள். மூடநம்பிக்கை என்று எழுதித் தீர்த்தோம். மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் தமிழ்நாட்டில் திருச்சி என்கிற ஒரே மாவட்டத்தில்தான் தொடங்கியது என்பதை அப்போது எத்தனை பேர் எழுதினோம்?

ஃபூக்கோ படித்த நண்பர்கள் உடனே சண்டைக்கு வருவார்கள். 1840-இல் பிரான்சின் மெத்ரே சிறார் பண்ணை திறந்த நாளைத்தான் அவர் சிறைச் சமூகம் முழுமையடைந்த நாளாகக் குறிக்கிறார். உளவியலாளன் வந்தால் நீதிபதியின் நாற்காலியில் இன்னொருவன் உட்காருகிறான் என்றுதானே பொருள் என்பார்கள். ஆமத்தூரில் அந்த நாற்காலி காலியாகவே கிடந்தது என்பதுதான் என் முதல் பதில். ஆனால் நண்பர்கள் சொல்வதில் பாதி உண்மை என்பதை 2015 காட்டியது. அந்த ஆண்டின் சட்டத்தில் 15-ஆவது பிரிவு: கொடுங்குற்றம் சுமத்தப்பட்ட 16 முதல் 18 வயதுப் பிள்ளைக்கு மன, உடல் திறன் குறித்து முதற்கட்ட மதிப்பீடு செய்யப்படும், அவனைப் பெரியவனாக விசாரிக்கலாமா என்று தீர்மானிக்க. ஆக, நூறாண்டு கழித்து மனம் சட்டத்துக்குள் நுழைந்தபோது தண்டனையின் வாசல் வழியாகத்தான் நுழைந்தது. இந்த மதிப்பீட்டுக்கு உளவியல் வல்லுநரின் உதவி, குழுமத்திலேயே அத்தகைய உறுப்பினர் இல்லாவிட்டால், கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2022 ஜூலை ஆயிற்று.

அதே 2022 மார்ச்சில் விருதுநகர்க் கூட்டு வல்லுறவு வழக்கில் கைதான எட்டுப் பேரில் நால்வர் 18 நிரம்பாதவர்கள். அந்தப் பெண்ணுக்கான நீதியில் பேரத்துக்கே இடமில்லை. ஆனால் தெருவில் எழுந்த கேள்வி எல்லாம் 'இவனுகளுக்கு என்ன தண்டனை' என்பதோடு நின்றது. பள்ளி வயதுப் பயல்களுக்குப் பெண்ணுடலைப் பற்றி இதைக் கற்றுக்கொடுத்தது எது என்று கேட்க ஆளில்லை. அந்த வருஷத்தின் கடைசி நாளில், செங்கல்பட்டுக் கூர்நோக்கு இல்லத்தில், பேட்டரி திருடியதாகக் கொண்டுவரப்பட்ட 17 வயதுச் சிறுவன் செத்துப்போனான். பணியாளர்கள் ஆறு பேர் கைதானார்கள். நீதிபதி கே. சந்துரு ஒருநபர்க் குழு அமைந்து 2023-இல் அறிக்கை தந்தது. 1887-இன் அதே ஊர். கூர்ந்து நோக்குவது என்றால் அங்கே எதை நோக்கினார்கள்?

ஆமத்தூர் அம்மாவுக்குத் திரும்புகிறேன். உதவிக்கான பிரிவும் அதே 2015 சட்டத்தில் இருக்கிறது, 93. மனநோயோ போதைப் பழக்கமோ உள்ள பிள்ளையைச் சிகிச்சைக்கு அனுப்ப இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அதிகாரம் உண்டு. நன்னடத்தை அலுவலர் தருகிற சமூக விசாரணை அறிக்கையில் தூக்கமின்மையும் விபத்தும் எழுதப்பட வேண்டும். எழுதவில்லை என்றால் தாயே மனுவாகக் கொடுக்கலாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் இலவசம். 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சையை உரிமை என்கிறது. இதையெல்லாம் ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, அவர் கைநாட்டு வைத்து, குழுமத்தில் கொடுத்தோம். மூன்றாவது வாய்தாவில் கடிதம் கிடைத்தது. அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள், பேசவும் செய்தார்கள். பையன் தூங்க ஆரம்பித்தான்.

பஸ்ஸில் திரும்பும்போது அந்த அம்மா கேட்டார்: "கேஸ் முடிஞ்சிட்டா இந்த மாத்திரையும் நின்னுருமாய்யா?" தெரியாமல் விழித்தேன். மறுவாரம் ஆஸ்பத்திரிக்கே போய்க் கேட்டேன். வழக்குக்கும் சீட்டுக்கும் சம்பந்தமில்லை, அவன் பேரில் வெளிநோயாளிச் சீட்டு போட்டாயிற்று, மாதம் ஒருமுறை வந்தால் போதும் என்றார்கள். மாதம் ஒருமுறை என்றால் அந்த அம்மாவுக்கு ஒருநாள் கூலி போகும்.