தெலுக் ஆயர் கரையில் எழுந்த வழிபாட்டிடங்கள்

சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெரு இன்று கடலிலிருந்து விலகி, வங்கிக் கட்டடங்களின் நிழலில் கிடக்கிறது. 1880களில் கடல் தூர்க்கப்படும்வரை அதுதான் கரை. சோழமண்டலக் கடற்கரையிலிருந்து வந்த தமிழரும், சீனாவின் தென்கரையிலிருந்து வந்த ஹொக்கியன் மக்களும் அதன் அருகேதான் கரையிறங்கினார்கள். உயிரோடு வந்து சேர்ந்ததற்கு நன்றி சொல்ல அவர்களுக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது.

சூலியாக்கள் எனப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் 1827இல் அங்கே ஒரு குடிசையில் தொழத் தொடங்கினார்கள். இன்று அல் அப்ரார் என வழங்கும் அந்தப் பள்ளிவாசலுக்குக் குச்சுப் பள்ளி என்ற பெயர் வந்தது அதனால்தான். அதே தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையே நாகூர் தர்கா எழுந்தது. சூஃபி ஞானி ஷாகுல் ஹமீது ஆண்டவர் அடங்கியிருப்பது தமிழ்நாட்டின் நாகூரில். இங்கே இருப்பது அவர் நினைவில் கட்டியது மட்டுமே. கடலோடிகளைக் காப்பவர் என்று அவரை நம்பியவர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. தர்காவிலிருந்து சற்றுத் தள்ளி, அதே தெருவில் இருக்கிறது ஹொக்கியன் மக்களின் தியான் ஹொக் கெங் கோயில். 1839இல் தொடங்கி 1842இல் முடிந்த அக்கோயிலின் தெய்வம் மாட்ஸு, அவளும் கடலில் செல்வோரின் காவல் தெய்வமே. மொழியும் மதமும் வேறாயினும் இரு சாராரின் அச்சமும் ஒன்று, வேண்டுதலும் ஒன்று.

மாரியம்மன் கோயிலும் இந்தத் தெருவில்தான் அமைந்திருக்க வேண்டும். 1819இல் பினாங்கிலிருந்து ஆங்கிலேய நிர்வாகி ராஃபிள்ஸுடன் வந்து, செங்கல் சூளை வைத்துக் கட்டட ஒப்பந்தக்காரராக உயர்ந்த நாராயண பிள்ளைக்கு முதலில் காட்டப்பட்ட நிலம் தெலுக் ஆயரில் இருந்தது. பூசைக்கு வேண்டிய நன்னீர் அங்கே இல்லை. வேறோர் இடமும் பொருந்தாமல் போக, 1823இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் நிலம் கிடைத்தது. 1827இல் மரமும் அத்தாப்பு ஓலைக் கூரையுமாகக் கோயில் எழுந்தது. நல்ல தண்ணீரைத் தேடிப் போனதே நாட்டின் மிகப் பழைய இந்துக் கோயில் இன்றைய இடத்தில் நிற்பதற்குக் காரணம். அதே சாலையில், சில அடிகள் தள்ளி, அன்சார் சாயிபு தலைமையில் சூலியாக்கள் 1826இல் நிறுவிய ஜாமியா பள்ளிவாசல் இருக்கிறது.

1822இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டம் ஒவ்வோர் இனத்துக்கும் தனித்தனிப் பகுதி ஒதுக்கியது. சூலியாக்களின் குடியிருப்பு சிங்கப்பூர் ஆற்றோரம், சீனர் ஆற்றுக்குத் தெற்கே, அரபியர் கம்போங் கிளாம் பக்கம். வழிபாடு அந்தக் கோடுகளுக்குக் கட்டுப்படவில்லை. தமிழரின் மிகப் பழைய கோயிலும் பள்ளிவாசலும் சீனர் பகுதியின் நடுவிலேயே அமைந்தன. ஹத்ரமவுத்தில் பிறந்து பாலெம்பாங் வழியாக வந்த அரபு வணிகர் சையது ஓமர் அல்ஜுனிட், நாட்டின் முதல் பள்ளிவாசலை 1820இல் கம்போங் மலாக்காவில், ஆற்றுக்குத் தெற்கேதான் கட்டினார்.

தமிழர் குடியிருப்பு பின்னர் சிராங்கூன் சாலைப் பக்கம் பெருகியது. பெருமாள் கோயிலும், வீரமாகாளியம்மன் கோயிலும், டன்லப் தெருவில் அப்துல் கஃபூர் பள்ளிவாசலும் அங்கே எழுந்தன. ஆனாலும் பழைய இடத்தோடு தொடர்பு அறவில்லை. தீமிதித் திருவிழாவில் பக்தர்கள் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில்வரை ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நடந்தே போகிறார்கள்.

சைனாடவுனில் மாரியம்மன் கோயிலையும் ஜாமியா பள்ளிவாசலையும் ஒட்டிய மூன்று தெருக்களுக்கு இன்றும் வழங்கும் பெயர்கள் பகோடா ஸ்திரீட், டெம்பிள் ஸ்திரீட், மாஸ்க் ஸ்திரீட். முதல் இரண்டும் மாரியம்மன் கோயிலால் வந்தவை. மூன்றாவது ஜாமியா பள்ளிவாசலால் வந்தது.