முத்துக்குளிப்பு நகரும் சிறுமனைகளும்

மன்னார்த் தீவின் கீரி முதலாய கரைகளில் வாழும் மீனவர்க்கு, வேண்டுங்கால் கட்டிப் பின் பிரித்தெடுக்கும் ஓலை வாடி புதியதன்று. அம்முறை நகரளவிற்கு விரிந்தமைக்குப் பெருநிலக் கரையின் முத்துக்குளிப்பே சான்றாகும். கொண்டச்சி, சிலாவத்துறை என்பவற்றிலும், 1905இல் மரிச்சுக்கட்டியிலும் வெறும் மணற்பரப்பிலே கம்பு நட்டு ஓலை வேய்ந்த மனைகள் விரைந்தெழுந்தன, பல்லாயிரவர் தங்கினர். குளிப்பு முடிந்ததும் ஊரே கலைந்தது.

ஆயினும், மக்கள் நெரிசலும் அழுகும் சிப்பியும் நோயச்சத்தை வளர்த்தன. வாந்திபேதி குளிப்பையே குலைத்த காலங்களும் உண்டு. மரிச்சுக்கட்டியில் ஒழுங்கான தெருக்களும் மருத்துவமனையும் அமைக்கப்பட்டமையின் பொருள் இதனாற் புலனாகும்.

இன்றைய நகரங்களுக்குப் பிரித்தடுக்கும் சிறுமனைகளை வகுப்போர் இவ்வரலாற்றை உளங்கொள்ளல் வேண்டும். மனை சிறிதாகலாம், அதற்குரிய நீரும் துப்புரவும் சிறிதாதல் ஆகாது.