ஒரு பெயர் விடுபட்ட நூல்

‘விசுவாச துரோகம்’ என்று தமிழ் விவிலியம் வழங்கும் தொடருக்கு மூலமான கிரேக்கச் சொல், விலகி நிற்றல் என்னும் பொருளுடையது. இறுதிநாளுக்கு முன் இவ்விலகல் நேரும் என்பது பவுலின் திருமுகம் தரும் எச்சரிக்கை. விலகியவர் யார் என்ற வினாவுக்கு ருஷ்யர் நெடுங்காலம் பிறரையே சுட்டி வந்தனர். 1439இல் புளோரன்ஸ் சங்கத்தில் உரோமையோடு உடன்பட்ட பிசாந்தியம் விலகிற்று என்றும், 1453இல் கான்ஸ்டாண்டிநோபிள் வீழ்ந்தது அதற்குரிய தண்டனையே என்றும் மாஸ்கோ கருதியது. 1666-67ஆம் ஆண்டுச் சங்கம் பழைய சடங்கினரைச் சபித்தபோது, அவர்கள் மாஸ்கோவையே விலகியதாகக் கண்டனர். சிலுவைக்குறி இடுவது இரு விரலாலா, மூன்று விரலாலா என்பது நமக்குச் சிறிதாகத் தோன்றலாம். அந்திக்கிறிஸ்துவின் ஆட்சி தொடங்கிவிட்டதென அஞ்சி, அவர்களுள் ஆயிரக்கணக்கானோர் தமக்குத் தாமே தீ மூட்டிக்கொண்டு மடிந்தனர். தஸ்தயேவ்ஸ்கி படைத்த மகா விசாரணையாளனும் செவில் நகரத்துக் கத்தோலிக்கனே. சுட்டுவிரல் அப்போதும் வெளியேதான் நீண்டிருந்தது.

அவ்விரலை உள்நோக்கித் திருப்பியவர் விளாதிமிர் சொலவியோவ். 1853இல் மாஸ்கோவில், வரலாற்றறிஞர் செர்கேய் சொலவியோவின் மகனாகப் பிறந்தவர். பதின்பருவத்தில் கடவுளை மறுத்து, தம் அறையிலிருந்த திருவுருவப் படங்களைச் சன்னல் வழியே தோட்டத்தில் எறிந்தார் என்பர். சில ஆண்டுகளில் நம்பிக்கைக்குத் திரும்பினார். 1881இல் இரண்டாம் அலெக்சாந்தர் கொலையுண்டபோது, கொலையாளரைத் தூக்கிலிடாமல் மன்னிப்பதே கிறித்தவ மன்னனுக்கு அழகு என்று மேடையில் பேசினார். ஐவர் தூக்கிலிடப்பட்டனர், அவரது பேராசிரியர் வாழ்வும் விரைவில் முடிந்தது. அதன்பின் பல்லாண்டு அவர் உழைத்தது ஒரே கனவுக்காக: பிரிந்த திருச்சபைகள் ஒன்றாகும், உரோமையின் குருத்துவமும் ருஷ்யப் பேரரசும் கைகோத்து இவ்வுலகிலேயே இறையாட்சியை நிறுவும். 1889இல் பாரிசில் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட நூலில் இதனை விரித்துரைத்தார்.

இக்கனவைத் தம் கையாலேயே கலைத்த நூல்தான் 1899-1900இல் எழுதிய ‘மூன்று உரையாடல்கள்’. மத்தியதரைக் கடலோரத்து மாளிகைத் தோட்டம் ஒன்றில் படைத்தலைவர், அரசியலாளர், இளவரசர், ஒரு சீமாட்டி, திரு. இசட் என்னும் ஐவர் பேசுகின்றனர். இளவரசரின் வாயில் தல்ஸ்தோயின் கொள்கை ஒலிக்கிறது. முன்னுரையில் ஒரு விந்தைச் செய்தி உண்டு. சுவரில் துளையிட்டு, அத்துளையில் வாய் வைத்துத் தம் குடிசையையும் துளையையும் நோக்கியே தம்மைக் காக்குமாறு வேண்டும் குடியானவர் சிலரைப் பற்றியது அது. துளையைத் துளை என்றே அவர்கள் அழைத்தார்கள். உயிர்த்தெழுந்தவனை நீக்கிய வெற்றிடத்தை நற்செய்தி என்று அழைப்போரைவிட அவர்கள் நேர்மையானவர்கள் என்பது சொலவியோவின் வாதம். தல்ஸ்தோய்க்கு இது முழு நீதி செய்ததாகாது. எனினும் நூலின் மையம் இங்கேதான் இருக்கிறது.

இறுதி உரையாடலில் திரு. இசட் படிக்கும் அந்திக்கிறிஸ்துக் கதை நிகழ்வது 21ஆம் நூற்றாண்டில். அதன் நாயகன் கொடியவன் அல்லன். முப்பத்துமூன்று வயது அறிஞன், துறவு மனத்தினன், ஊன் உண்ணாதவன், வறியோர்க்கு வாரி வழங்குபவன். உலக அமைதிக்கும் நல்வாழ்வுக்கும் வழிகூறி அவன் எழுதிய நூல் எல்லா முரண்களையும் இணக்குகிறது. உலகமே அதைக் கொண்டாடுகிறது. அந்நூலில் கிறிஸ்துவின் பெயர் மட்டும் ஓரிடத்திலும் இல்லை. முரண் அனைத்தையும் ஒருமையில் இணக்குவதே சொலவியோவின் வாழ்நாள் மெய்யியல் என்பதை அறிந்தவர்க்கு, இந்தச் சித்திரம் யாருடைய கண்ணாடியில் எழுதப்பட்டது என்பது விளங்கும்.

பேரரசனான அவன் எருசலேமில் சங்கம் கூட்டுகிறான். அப்போது உலகில் எஞ்சிய கிறித்தவர் நாலரைக் கோடியே. கத்தோலிக்கர்க்குத் திருத்தந்தையின் பழைய அதிகாரத்தை மீட்டுத் தருகிறான். வைதிகத் திருச்சபையினர்க்குக் கான்ஸ்டாண்டிநோபிளில் கிறித்தவத் தொல்பொருள் காட்சியகம். புரோட்டஸ்டண்டுகளுக்கு வேதத்தைச் சுதந்திரமாக ஆராய ஆண்டுக்குப் பதினைந்து இலட்சம் மார்க் மானியம். பெரும்பாலோர் மகிழ்ந்து மேடையேறிவிடுகின்றனர். மரபின்மீது உயிரையே வைத்திருப்பதாகச் சொல்லும் மக்களை ஒரு காட்சியகம் கொடுத்து வாங்கிவிடலாம் என்று எழுத, அம்மரபில் பிறந்தவர்க்கே துணிவு வரும்.

மேடை ஏறாத முதியவர் யோவான் ஒன்றே கேட்கிறார்: இயேசுவே கிறிஸ்து, உயிர்த்தெழுந்தவர், மீண்டும் வருபவர் என்று இங்கே அறிக்கையிடு. அரசனின் முகம் இருள்கிறது, வாய் திறக்கவில்லை. மின்னல் பாய்ந்து முதியவர் வீழ்கிறார். அவர் மீண்டும் உயிர் பெற்றபின், எஞ்சிய சிலர் நள்ளிரவில் எரிகோ அருகே ஒரு மேட்டில் கூடுகின்றனர். பேரரசும் கையொப்பமும் இன்றித் திருச்சபைகள் அங்கே ஒன்றாகின்றன. இளமையின் கனவு முற்றும் பொய்க்கவில்லை. அதன் இடம் அரியணையிலிருந்து இருட்டுக்கு மாறிற்று.

இம்முடிவை எல்லோரும் ஏற்கவில்லை. இறுதிக்கால முன்னுரைப்புகள் நினிவேக்கு யோனா சொன்னவை போன்ற எச்சரிக்கைகளே. மனிதர் ஒன்றுபட்டு உழைத்தால் அழிவு நேராது என்பது மாஸ்கோ நூலகர் பியோதரவ் கொண்ட கொள்கை. 1922இல் நாடு கடத்தப்பட்ட பெர்தியாயெவ் பின்னாளில் அதனைப் பெரிதும் போற்றினார்.

கவிஞர்களோ கதையின் அச்சத்தையே எடுத்துக்கொண்டனர். 1900ஆம் ஆண்டு இளவேனிலில், சொலவியோவின் தம்பி வீட்டில் ஆசிரியரே அதனைப் படிக்கக் கேட்டவருள் பத்தொன்பது வயது மாணவர் ஒருவர் இருந்தார். அவரே பின்னர் ஆந்திரேய் பேலி என்று அறியப்பட்டார். அலெக்சாந்தர் பிளாக் 1918இல் ‘சித்தியர்’ கவிதைக்கு முகப்பாக வைத்ததும் சொலவியோவின் அடிகளையே.

1900ஆம் ஆண்டு ஜூலை 31 அன்று, பழைய நாட்காட்டிப்படி, மாஸ்கோவுக்கு அருகே உஸ்கோயே பண்ணை மாளிகையில் சொலவியோவ் இறந்தார். 1896இல் கத்தோலிக்கக் குரு ஒருவரிடம் நற்கருணை பெற்றிருந்த அவர், கடைசிப் பாவசங்கீர்த்தனத்தை ஊர் வைதிகக் குருவிடம் செய்தார். அவர் எச்சபையினர் என்று இரு சாராரும் பின்னர் வழக்காடினர். கதையில் பேரரசனுக்கு எதிராக முதலில் கிளர்ந்தெழுபவர் யூதர்கள். படுக்கையில் கிடந்த நாட்களில் அவர்களுக்காக மன்றாட வேண்டும் என்று சொல்லி, எபிரேய மொழியில் சங்கீதம் ஒன்றை அவர் ஓதிக்கொண்டிருந்தார்.